ஐயாயிரத்தைக் காணோம்

காஞ்சிபுரத்தில் மனிதனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது பொறுப்பில்லாத வேலை என்று நம்பிய ஒரே ஆள் நம்பர் சார்தான். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே இருக்கிற எங்கள் பள்ளியில் அவர் கிளார்க். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். சம்பளப் பட்டியலில் இருக்கும். யார் போய்ப் பார்த்தார்கள்?

பள்ளியில் முதல் தடவை சேரும்போது சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு எண் போடுவார்களே, அந்த அட்மிஷன் நம்பர்தான் அவருக்கு மனிதன். பெயர், முகம், படிப்பு, பதவி எல்லாம் அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற சாமான்கள்.

நான் அங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, அங்கேயே கம்ப்யூட்டர் வாத்தியாராகவும் போய் மாட்டிக்கொண்டவன். ஒன்பதாம் வகுப்பில் முதல் நாள், கம்பீரமாகப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். வாசலில் தலையை நீட்டினார்.

"2764, ஹெச்.எம். உன்னக் கூப்புடறாரு."

வகுப்பே சிரித்தது. மறுநாள் என் வண்டி சீட்டில் சாக்பீஸால் 2764 என்று எழுதியிருந்தது. அழிக்க அழிக்க ஒரு மாதம் எழுதினார்கள். அவரிடம் போய்க் கத்தினேன்.

"சார், நான் இப்ப வாத்தியாரு. பேரு சொல்லிக் கூப்புடுங்க."

"உன் பேர்ல இந்த ஸ்கூல்ல பதினாலு பேரு படிச்சிருக்கான். அதுல நீ யாருன்னு நான் எங்க தேடறது?"

ஒருமுறை செவிலிமேட்டுப் பக்கம் ஹெல்மெட் இல்லாமல் வந்து போலீசில் சிக்கினார். இன்ஸ்பெக்டர் விறைப்பாக வந்து லைசென்ஸ் கேட்டார். நம்பர் சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அட, 2590! ஆறாவதுல ரெண்டு வருஷம் உக்காந்தியே, இப்ப எப்படிப்பா இருக்கே?" என்றார். சுற்றி நாலு கான்ஸ்டபிள்கள். இன்ஸ்பெக்டரே வண்டியை ஸ்டார்ட் செய்து கொடுத்து அனுப்பினார். கருட சேவைக் கூட்டத்தில் குடை பிடித்து வந்த ஒரு ஆளைப் பார்த்து, "3341, கொடை சாயுது பாரு!" என்று கத்தியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குடை மட்டும் நிமிர்ந்தது.

வகுப்பு ரோல் நம்பர் என்றால் அவருக்குப் பிடிக்காது. "அது பஸ்ல சீட்டு மாதிரிபா. நீ எறங்கினா வேற ஆளு உக்காந்துக்குவான். வருஷா வருஷம் மாறிக்கினே இருக்கறது ஒரு நம்பரா?" என்பார். டி.சி. வாங்கிக்கொண்டு போன பிள்ளை இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தாலும் பழைய எண்தான். போனவன் எண்ணைப் புதிதாக வந்தவனுக்குத் தரவே மாட்டார். அதுவும் மதிக்கத்தக்க கொள்கைதான். அதைத் தினமும் மூன்று வேளை கேட்காதவர்களுக்கு.

இந்தப் பிடிவாதத்தால் ஒருமுறை தாளாளரிடமே மாட்டினார். பேரனுக்கு 5000 என்ற எண்ணைத் தர வேண்டும் என்று தாளாளர் நல்ல நாள் பார்த்து, மாலை போட்டுக் கூட்டி வந்தார். அதற்கு அரைமணி நேரம் முன்னால் சாயப் பட்டறையில் வேலை செய்யும் ஒரு அம்மா, கை முழுக்க ஊதாக் கறையோடு தன் மகள் காமாட்சியைக் கொண்டுவந்து விட்டிருந்தாள். 5000 அவளுக்குப் போய்விட்டது.

"அடிச்சிட்டு மாத்தி எழுதுய்யா" என்றார் தாளாளர்.

"பதிவேட்டுல அடிக்கக் கூடாது சார். பேரனுக்கு 5001 போட்டுட்டேன். அதுவும் நல்ல நம்பர்தான்."

தாளாளர் நான்கு வருடம் அவருக்கு வணக்கம் வைக்கவில்லை. பேரன் மூன்றே மாதத்தில் சென்னைப் பள்ளிக்குப் போய்விட்டான். காமாட்சி பத்தாம் வகுப்பு வரை வந்தாள்.

அந்த வருடம்தான் எங்களுக்கு முன்னேற்றம் வந்தது. பிள்ளைகளின் பெயர், வருகை எல்லாம் இருக்கிற அலுவலக மென்பொருள் ஒன்று ஏற்கெனவே இருந்தது. பாடம், தேர்வு, மதிப்பெண்ணுக்கு என்று தாளாளர் புதிதாக ஒரு ஆப் வாங்கினார். இரண்டையும் இணைத்துவிட்டால் பள்ளியே தானாக நடக்கும் என்று டை கட்டிய ஒரு தம்பி வந்து படம் காட்டினான். கூட்டத்தில் நம்பர் சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தப் பக்கம் இருக்கிற புள்ளையும் அந்தப் பக்கம் இருக்கிற புள்ளையும் ஒரே புள்ளன்னு உன் மெஷினுக்கு எப்படிப்பா தெரியும்?"

"பேரு, இனிஷியல், டேட் ஆஃப் பர்த் மேட்ச் பண்ணிக்கும் சார். ஆட்டோமேட்டிக்."

நம்பர் சார் சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். எங்கள் தெருக்களில் பிள்ளையைச் சேர்க்க வரும்போது பிறப்புச் சான்றிதழை யாரும் கொண்டு வருவதில்லை. "ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கோங்க சார், அப்புறம் தர்றோம்" என்பார்கள். அந்த அப்புறம் வராது. பள்ளியில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். பெண்ணாக இருந்தால் காமாட்சி. அப்பா பெயர் குமார். இதில் மேட்ச் பண்ண வேண்டுமாம்.

மறுநாளே எல்லாப் பிள்ளைகளின் அட்மிஷன் நம்பரையும் முதல் பத்தியில், அதாவது முதல் காலத்தில் எழுதி, நீளமான தாள்களில் ஒரு பட்டியல் என் மேஜைக்கு வந்தது. "ரெண்டு பக்கமும் இதப் போடு. அப்புறம் எத வேணா இணை." அதை நான் டைப்பும் அடித்தேன். அந்தத் தம்பி போனில், "அந்த நம்பர் காலம் எங்க ஃபார்மேட்டுல இல்ல சார், டெலிட் பண்ணிடுங்க" என்றான். வெள்ளிக்கிழமை மாலை. வீட்டுக்குப் போக வேண்டும். டெலிட் செய்தேன். ஒரே ஒரு பொத்தான்.

இணைப்பு வெற்றி என்று ஆப்பில் கலர் காகிதம் பறந்தது. ஆறு மாதம் கழித்து, பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வுக்கான பெயர்ப்பட்டியலை அதிலிருந்து எடுத்து அனுப்ப வேண்டிய கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும். மதியம் இரண்டு மணிக்கு அந்தச் சாயப் பட்டறை அம்மா வந்தாள். கையில் அதே கறை. போனை நீட்டினாள்.

"என் பொண்ணு இன்னிக்கு வந்திருக்குதுன்னு ஒரு மெசேஜ், வரலன்னு ஒரு மெசேஜ். எதுபா நெஜம்?"

நான் தேடினேன். கு. காமாட்சி ஒருத்திதான் இருந்தாள். ஏ பிரிவிலும் அவளே, பி பிரிவிலும் அவளே. கணக்கில் எண்பதும் அவளே, பன்னிரண்டும் அவளே. இரண்டு பெண்களை ஆப் ஒரே பெண்ணாக்கி வைத்திருந்தது. தேர்வுப் பட்டியலிலும் ஒரு காமாட்சி. ஒட்டியிருந்த போட்டோ 5017-உடையது. 5000-ஐக் காணோம்.

"பரீட்ச எழுத முடியாதாபா? இந்த வருஷம் எழுதலன்னா பொடவக் கடையில மடிச்சிப் போட அனுப்பிடுவாரு அவங்கப்பா. சொல்லிக்கினே இருக்காரு" என்றாள்.

கம்பெனித் தம்பிக்கு வீடியோ கால் போட்டேன். "அது டூப்ளிகேட் சார். சிஸ்டம் கிளீன் பண்ணிருக்கு. பிரிக்கணும்னா மூணு வேலை நாள் ஆகும்."

அன்று லீவு போட்டிருந்த 5017-க்கு முன்பே ஆள் அனுப்பியிருந்த நம்பர் சார், இரண்டு பெண்களையும் கூட்டி வந்து கேமரா முன்னால் நிறுத்தினார். பதிவேட்டைப் பிரித்து அங்க அடையாளத்தைப் படித்தார். "5000, இடது கன்னத்துல மச்சம். 5017, வலது முட்டியில தழும்பு. நல்லாப் பாருபா, எத்தன பேரு?"

"ரெண்டு பேரு தெரியறாங்க சார். ஆனா சிஸ்டத்துல ஒருத்தர்தான் காட்டுது."

"ரெண்டு பொடவ ஒரே கலர்ல இருந்தா ஒண்ணுன்னு வித்துடுவியா?"

தம்பி லைனைத் துண்டித்தான். நம்பர் சார் என் பக்கம் திரும்பினார். "2764, நான் குடுத்தேனே, மொதல் காலம், அது எங்க?"

நான் கீபோர்டைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆப்ப விடு. நேரா டைப் அடி."

பத்தாம் வகுப்பு மொத்தத்தையும் பதிவேட்டைப் பார்க்காமல் சொன்னார். எண், பெயர், அப்பா பெயர், அங்க அடையாளம். நான் அடிக்க அடிக்க அவர் போய்க்கொண்டே இருந்தார். நடுவில் இரண்டு தினேஷ்கள் ஒருவனாகிக் கிடந்ததும் தெரிந்தது. அவனையும் பிரித்தோம். சாயப் பட்டறை அம்மா கதவோரம் நின்று 5000 எப்போது வரும் என்று ஒவ்வொரு எண்ணாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வந்தபோது அவள்தான் முதலில் சொன்னாள். "அது என் பொண்ணு."

நாலு ஐம்பத்திரண்டுக்குப் பட்டியல் இணையதளத்தில் ஏறியது.

மறுநாள் தாளாளர் எங்களை நிற்க வைத்துக் கத்தினார். "அந்த நம்பர் காலத்த யாருய்யா எடுத்தது?"

நம்பர் சார் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "விசாரிச்சிக்கினு இருக்கேன் சார்."

அந்த விசாரணை அவர் ஓய்வு பெறுகிற நாள் வரை நடந்தது. தாளாளர் கேட்கும்போதெல்லாம் முடியும் தறுவாயில் இருந்தது.

காமாட்சி பாஸானாள், இரண்டு பேருமே. 5000 இப்போது ஏனாத்தூர்ப் பக்கம் கல்லூரிக்குப் போகிறாள். ஆப் கம்பெனி வேறு பெயரில் வேறு பள்ளிக்கு முன்னேற்றம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. புது கிளார்க் என்னை மரியாதையாக சார் என்கிறார். எங்கள் பள்ளியில் எட்டு சார்கள் இருக்கிறோம். யாரைக் கூப்பிடுகிறார் என்று எட்டுப் பேரும் திரும்பிப் பார்க்கிறோம்.

மாதம் ஒருமுறை செவிலிமேட்டில் நம்பர் சார் வீட்டுக்குப் போவேன். பெல் அடித்தால் உள்ளேயிருந்து, "யாரு?" என்று குரல் வரும். எனக்கு அம்மா அப்பா வைத்த நல்ல பெயர் ஒன்று இருக்கிறது.

"2764 சார்" என்பேன்.

தாழ்ப்பாள் திறக்கும்.