விழுங்கத் தெரியாத மாப்பிள்ளை

எப்படி விழுங்குகிறீர்கள் என்று யாராவது கேட்டால் யோசித்துப் பதில் சொல்லாதீர்கள். யோசித்தால் மறந்துபோகும். எனக்கு மறந்தது. அதுவும் பெண் பார்க்கப் போன இடத்தில்.

2004 கடைசி, அடுத்த வருடக் காலண்டர் அச்சாகும் சீசன். திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினசரித் தாளின் அடியில் உடல்நலக் குறிப்பு எழுதுவதும் என் வேலைதான் (டாக்டருக்கான சம்பளம்தான் தரவில்லை). பிப்ரவரிக் கடைசித் தாளுக்கு இப்படி எழுதினேன்: 'ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு முறை மெல்லுங்கள். விழுங்குவதை உணர்ந்து விழுங்குங்கள்.' ஊருக்குச் சொன்னதை நாமே செய்யாவிட்டால் எப்படி? அன்று மதியமே ஆரம்பித்தேன்.

மெல்வது சுலபம். எண்ணி முடித்து, 'சரி, விழுங்கு' என்றேன். தொண்டை, 'யாரைச் சொல்றீக?' என்பதுபோல் சும்மா இருந்தது. தண்ணீர் குடித்தால் தண்ணீர் மட்டும் இறங்கியது, சோறு வாயிலேயே நின்றது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "நாக்கு பின்னால தள்ளுற வரைக்கும்தான் உன் வேலை. அப்புறம் தொண்டை தானா பாத்துக்கும். நீ போய் மேற்பார்வை பாக்காத."

பார்க்காதே என்றால் பார்க்காமல் இருக்க முடிகிறதா? வேறு நினைப்பில் இருந்தால் சோறு இறங்கும், தொண்டை ஞாபகம் வந்தால் நின்றுவிடும்.

தை பிறந்ததும் மாமாவோடு விருதுநகருக்குப் பெண் பார்க்கப் போனேன். எனக்கு அது நாலாவது வீடு. முந்தைய மூன்றிலும் 'சேதி சொல்லி அனுப்புதோம்' என்றவர்கள் இன்னும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். பெண்ணின் பெயர் வாசுகி. பலகாரத் தட்டை வைத்துவிட்டு நேராக என்னைப் பார்த்தாள். இவள்தான் என்று முடிவு செய்து, அந்தத் தைரியத்தில் ஒரு கை காராச்சேவை வாயில் போட்டேன்.

"மாப்ள எந்தக் கம்பெனியில இருக்கீக?" என்றார் அவள் அப்பா.

முப்பத்திரண்டு. அறுபத்து நாலு. உள்ளே போகவில்லை. உதட்டைத் திறக்காமல் சிரித்தேன்.

"ஏலே, வாயைத் தொறலே," என்று மாமா தொடையில் கிள்ளினார்.

அடுப்படியிலிருந்து அவள் அம்மா குரல்: "பேச்சு வராத பிள்ளையோ?"

"கூச்சம். அம்புட்டுதான்," என்றார் மாமா.

அவள் அப்பா எழுந்து சுவர்க் காலண்டரைப் புரட்டினார். எங்கள் அச்சகத்துக் காலண்டர். "பிப்ரவரி கடைசியில சேதி சொல்லி அனுப்புதோம். இருபத்தொம்பதாம் தேதி நல்ல நாளா இருக்கு."

அந்தக் குரல் எனக்குப் பழக்கம். நாலாவது வீடும் போயிற்று.

"அப்பா, இந்த வருசம் பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்தான?" என்றாள் வாசுகி.

மடக்!

மொத்தச் சேவும் இறங்கிவிட்டது. "அது நான் விட்ட தப்புங்க! போன வருசம் லீப் வருசங்க, அந்தத் தாளை எடுக்காம விட்டுட்டேன்!" என்று கத்திவிட்டேன்.

"பேச வருதுப்பா," என்றாள் வாசுகி.

எங்கள் மிஷின்மேன் கெட்டிக்காரர். ஆனால் முதலாளி பின்னால் வந்து நின்றால் மட்டும் அவருக்குத் தாள் சிக்கும். என் தொண்டைக்கு அப்படி ஒரு முதலாளியாக நான் நின்றிருக்கிறேன். பார்க்க வேண்டிய தாளை விட்டுவிட்டு, பார்க்க வேண்டாத தொண்டையைப் பார்த்திருக்கிறேன்.

இன்றும் மாமனார் வீட்டுப் பந்தியில் நான் கொஞ்சம் நிதானமாக மென்றால் போதும். "அப்பா, உங்க மருமகனுக்கு மருந்து!" என்று வாசுகி குரல் கொடுப்பாள். அவர் பீரோவிலிருந்து அந்த இருபத்தொன்பதாம் தேதித் தாளை எடுத்துவந்து என் இலைக்குப் பக்கத்தில் வைப்பார். அடியில் என் குறிப்பு அப்படியே இருக்கும். இல்லாத நாளுக்கு எழுதிய அறிவுரையைக் கடைப்பிடித்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.