ராய்லியின் தெப்பமும் ஆர்வோவின் கவலையும்

நண்பர் தொழில் தொடங்கினால் சிலர் பணம் போடுவார்கள், சிலர் உழைப்பைப் போடுவார்கள். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. இவர்கள் கவலையை மட்டும் போடுவார்கள். முதலுக்கு மோசமே இல்லாத முதலீடு இது. தொழில் படுத்துவிட்டால் "நான் அப்பவே நினைச்சேன்" என்கிற லாபம் முழுவதும் இவர்களுக்குத்தான்.

பின்லாந்தில் எங்கள் ஏரிக்கரை ஊரில் இந்த ரகத்துக்கு ஆர்வோதான் தலைவன். அவனும் ராய்லியும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பள்ளிச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் பட்டாணி சூப் கிண்டிய ராய்லி, போன குளிர்காலத்தில் திடீரென்று வேலையை விட்டாள். அப்பா வைத்துவிட்டுப் போன காட்டை விற்று ஒரு தெப்பம் வாங்கினாள். அதன் மேல், சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி பிடிக்கும் சவுனா அறை ஒன்று கட்டினாள். உள்ளே வெந்து வியர்த்துவிட்டுக் கதவைத் திறந்தால் அப்படியே ஏரியில் குதிக்கலாம். எங்கள் கோடையோ பத்து வாரம்தான். அதற்குள் ஆள் வராவிட்டால் காடும் போச்சு, வேலையும் போச்சு.

ஆர்வோ தடுத்தானா? சேச்சே! இந்த ரகம் தடுக்காது. காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏரியை வெறித்து, மூக்கால் நீளமாக ஒரு மூச்சு விட்டு, கடைசியில் "ம்ம்" என்னும்.

"என்னடா ம்ம்?" என்றாள் ராய்லி.

"ஒண்ணுமில்ல. நல்லா வரும். வராட்டியும் நீ இடிஞ்சு போயிடக் கூடாது, அவ்வளவுதான்."

"டேய், இன்னும் அடுப்பே பத்த வைக்கல!"

"அதைத்தான் சொல்றேன். அடுப்பு. தெப்பம் மரம்தானே?"

"உங்க வீட்டு சவுனா மட்டும் என்ன, கருங்கல்லா?"

"அது கரையில இருக்கு, ராய்லி."

அன்றிலிருந்து ஆர்வோ கூட்டுறவுக் கடை வரிசையில், நூலகத்தில், பல் டாக்டரிடம் வாயைத் திறப்பதற்கு முந்தின நிமிடத்தில், குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து முற்றம் பெருக்கும் வசந்த காலத் துப்புரவு நாளில் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, "ராய்லியை நினைச்சா எனக்குத் தூக்கமே வரல, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று எல்லோரிடமும் சொன்னான். கூடவே ஒரு யோசனையும் சொன்னான்: "திறப்பு நாளன்னிக்கு எல்லாரும் போய் மொய்ச்சிடாதீங்க. பாவம், படபடப்பா இருப்பா. ஒரு வாரம் கழிச்சுப் போவோமே."

வேறு ஊராக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். நாங்கள் யார்? மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரர் இறங்கும் சத்தம் கேட்டால், அவர் வெளியே போகும்வரை கதவுக்குப் பின்னால் செருப்போடு காத்திருப்பவர்கள். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுப்பதைவிடப் பெரிய பாவம் எங்களுக்குக் கிடையாது. ஆகவே திறப்பு நாளான ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை, ராய்லிமேல் வைத்த அன்பினால் ஊரே வீட்டுக்குள் இருந்தது.

அவள் ஏலக்காய் ரொட்டி அறுபது சுட்டிருந்தாள். இரண்டு பெரிய பாத்திரத்தில் காபி. அடுப்பில் கல் சூடேறி மூன்று மணி நேரம். ஈ காக்காய் இல்லை. ஒரே ஒரு கடற்புறா மட்டும் வந்து ஒரு ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போனது.

எதிர்க்கரையில், தன் வீட்டுப் படகுத்துறையில், பைனாகுலரோடு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தான் ஆர்வோ. பூஜ்யம். மறுபடி எண்ணினான். பூஜ்யம். பைனாகுலர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை எண்ணினான். இந்த ரகத்தின் கவலை பொய்யில்லை, அதுதான் தொல்லை.

கண்ணாடி வெயிலில் மின்னியதை ராய்லி பார்த்துவிட்டாள். கயிற்றை அவிழ்த்தாள். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடும் மோட்டார். தெப்பம் புகை விட்டுக்கொண்டு நேராக அவனை நோக்கி இருபது நிமிடம் வந்தது. எழுந்து ஓடினால் மரியாதையாக இருக்காதே என்று ஆர்வோ இருபது நிமிடமும் உட்கார்ந்தே இருந்தான்.

"துண்டு எடுத்துட்டு வா," என்றாள்.

"ராய்லி, உனக்கு எதுக்கு வீண் தொந்தரவுன்னுதான்..."

"நாலு மாசமா எனக்காக வெளியிலயே வேர்த்துக் கொட்டறியே. உள்ள வந்து வேர்த்துக் கொட்டு."

கால் மணி நேரம் கழித்து, தக்காளிப் பழமாகச் சிவந்து, பிறந்த மேனியாக, ஊளையிட்டுக்கொண்டு ஆர்வோ ஏரியில் குதித்ததை இரண்டு கரையும் பார்த்தது. ஓ, ஆர்வோவே போயாகிவிட்டதா? அப்படியானால் தொந்தரவில்லை! அரை மணியில் துறையில் வரிசை, ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு. ரொட்டி தீர்ந்தது. கடைசி ரொட்டி எனக்குக் கிடைத்தது. நானும்தான் காலையிலிருந்து மடித்த துண்டோடு என் வீட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தேனே. என் கையிலிருந்த துண்டின் மடிப்பை ராய்லி ஒருமுறை பார்த்தாள். அது எனக்குச் சுருக்கென்றது.

ஜூலை முழுவதும் தெப்பத்தில் இடமில்லை. ஆர்வோ திருந்திவிட்டானா என்கிறீர்களா? நேற்றும் துறையில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து மூக்கால் மூச்சு விட்டான்.

"இவ்வளவு ஜனம் ஏறுதே, தெப்பம் தாங்குமா?"

சரி, நீங்கள் சொல்லுங்கள். "வேலையை விட்டுட்டேன், சொந்தமா ஒண்ணு ஆரம்பிக்கப் போறேன்" என்று கண் மின்ன ஒருவர் உங்களிடம் வந்து சொன்னாரே, அன்று உங்கள் வாயில் முதலில் வந்தது வாழ்த்தா, "ம்ம்"மா? "ம்ம்" என்றால் ஒரு துண்டை மடித்து வாசல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தெப்பம் மெதுவாகத்தான் வரும். ஆனால் உங்கள் துறைக்குத்தான் வரும்.