ஆபிரகாம் விருந்தும் ரூத் வீட்டு மண்சட்டியும்

வேதாகம வினாடி வினாவில் பரிசு வாங்கியவனை யார் வீட்டுச் சமையலறைக்குள்ளும் தனியாக விடக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். மணப்பாட்டில் படித்த காலத்தில் மறைமாவட்ட அளவில் எனக்குத்தான் முதல் பரிசு. கேள்வி முடிவதற்குள் மணியை அடித்துவிடுவேன். (அடித்த பிறகுதான் யோசிப்பேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.)

துபாயில் ஒரு ஏசி பராமரிப்புக் கம்பெனியில் டெக்னீஷியனாக இருந்தேன். முதலாளி டேனியல், யூதர். சைட் பார்க்கப் போகும்போது வண்டியை நான் ஓட்டுவேன், அவர் தோரா படித்துக்கொண்டு வருவார். மோசேயின் ஐந்து நூல்களையும் வாரத்துக்கு ஒரு பகுதியாகப் பிரித்து வருஷத்தில் முடிப்பார்கள். முடித்த கையோடு மறுபடியும் முதலிலிருந்து. அவர் புத்தகத்தில் பக்கத்தின் நடுவே நாலு வரி மூலம், சுற்றிலும் எறும்பு ஊர்வது போல உரைகள். ஒரு உரைகாரர் சொன்னதை அடுத்தவர் மறுப்பார், இருவரையும் மூன்றாமவர் கேலி செய்வார். எல்லோரும் செத்து நூற்றாண்டுகள் ஆகியும் சண்டை ஓயவில்லை.

அந்தச் சமயம் கம்பெனியில் சூப்பர்வைசர் இடம் காலியாக இருந்தது. கிடைத்தால் குடும்ப விசா. ஊரிலிருக்கும் என் மனைவி மெர்சியும், போனில் மட்டுமே நான் பார்த்திருந்த என் மகளும் வந்துவிடலாம். அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பதென்ற முடிவு டேனியல் சார் கையில். எனவே அவர் என்ன கேட்டாலும் மணியடிக்க நான் தயாராக இருந்தேன்.

ஒருநாள் கேட்டார். (பேச்சு ஆங்கிலத்தில்தான். என் ஆங்கிலத்தை அப்படியே எழுதினால் அச்சகத்தில் இருப்பவர்கள் அழுவார்கள்.)

"சூசை, ஆபிரகாம் கூடார வாசல்ல உக்காந்திருந்தார், மூணு பேர் வந்தாங்கன்னு வருது. அப்போ நல்ல வெயில்னு எதுக்குத் தனியா சொல்லணும்?"

"ஏசி இல்ல சார்."

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு உரையைச் சொன்னார். ஆபிரகாமுக்கு அப்போது உடம்பு சரியில்லை. விருந்தாளிகள் வந்து தொந்தரவு செய்யக் கூடாதென்று கடவுளே வெயிலைக் கூட்டினாராம். பெரியவரோ, யாருமே வரவில்லையே என்று வருத்தப்பட்டாராம். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் மூன்று பேரை அனுப்பினார் என்கிறார் அந்த உரைகாரர்.

"வியாழக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுல நாலைஞ்சு பேர் உக்காந்து இதைத்தான் படிக்கப் போறோம். நீயும் வா" என்றார்.

முதலாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா? நான் மணியை அடித்தேன். அந்த மூவருக்கும் ஆபிரகாம் என்ன பரிமாறினார்? வெண்ணெய், பால், சமைத்த கன்று! அதையே செய்துகொண்டு போய் அசத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

ரூமில் என்னோடு இருந்தவர் காயல்பட்டினத்து சுலைமான் காக்கா. (அவர்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன்.) துபாயின் தேரா கடைவீதியில் மசாலாக் கடை வைத்திருந்தார். நான் கன்றுக்கறியை வெண்ணெயில் வதக்கும்போது எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அவங்களுக்குச் சாப்பாட்டுல நம்மளவிட சட்டம் ஜாஸ்தி. ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யேன்."

"காக்கா, இது அவங்க ஆபிரகாம் செஞ்ச சாப்பாடு. சட்டமெல்லாம் அவருக்கு அப்புறம் வந்தது" என்றேன்.

"எங்களுக்கும் அவர்தான் இப்ராஹிம் நபி. அதுக்காக அவரு சமையலை நான் செய்யப் பாக்கலையே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆபிரகாம் மூன்றையும் தனித்தனியாக வைத்திருக்கக்கூடும். நான் ஒரு படி மேலே போனேன். மூன்றையும் ஒரே குழம்பாக்கி, கடைசியில் பாலை ஊற்றி இறக்கினேன். (ருசியைப் பற்றி இன்றும் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.)

வியாழக்கிழமை டேனியல் சார் வீட்டில் எல்லோரும் புத்தகங்களை விரித்துக்கொண்டிருந்தார்கள். பையோடு நேராகச் சமையலறைக்குப் போனேன். அங்கே இரண்டு சிங்க். பணக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன். பாத்திரங்களில் சிலவற்றுக்கு நீலப் பொட்டு, சிலவற்றுக்குச் சிவப்பு. அலங்காரம் என்று நினைத்துக்கொண்டேன். நீலப் பொட்டு வைத்த அழகான மண்சட்டி ஒன்றை எடுத்து, குழம்பை ஊற்றி, அடுப்பில் ஏற்றி, சிவப்புப் பொட்டுக் கரண்டியால் கிண்டினேன். வாசனை கூடம் வரைக்கும் போனது. வாசனையைப் பிடித்துக்கொண்டு டேனியல் சாரின் மனைவி ரூத் வந்தார்.

"இது என்ன?"

"ஆபிரகாம் விருந்து மேடம்! கன்று, வெண்ணெய், பால். மூணும் ஒண்ணா!"

ரூத்தின் முகம் வெளுத்துவிட்டது. எல்லோரும் உள்ளே ஓடி வந்தார்கள். அப்புறம்தான் எனக்கு விளங்கியது: கறியையும் பாலையும் அவர்கள் சேர்க்கவே மாட்டார்கள். நீலம் பாலுக்கு, சிவப்பு கறிக்கு. கரண்டியையாவது கொதிநீரில் போட்டு எடுக்கலாம், மண்சட்டி எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும், அதை ஒன்றுமே செய்ய முடியாது. அது ரூத்தின் அம்மா கொடுத்த சட்டி. அவர் கண் கலங்கிவிட்டது. விசா போச்சு, மெர்சி போச்சு, எல்லாமே கலாஸ்.

"ஆனா ஆபிரகாம் கொடுத்தாரே" என்று ஈனசுரத்தில் சொன்னேன்.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. "முதல்ல பால், அப்புறம்தான் கறி கொடுத்தார்" என்றார் ஒருவர். "சட்டம் வர்றதுக்கு முன்னாடியே அவர் அதைக் கடைப்பிடிச்சார்" என்றார் இன்னொருவர். "வந்தவங்க தேவதூதர்கள், சாப்பிடற மாதிரி நடிச்சாங்க" என்றார் டேனியல் சார். என் குழம்பு ஆறிக்கொண்டிருக்க, அதைச் சுற்றி நின்று வாதாடினார்கள். நான் இதுவரை பார்த்த எந்தப் பஞ்சாயத்திலும் குற்றவாளியை இப்படி அடியோடு மறந்ததில்லை.

கடைசியில் சாமுவேல் என்ற தாடிக்காரப் பெரியவர் கையை உயர்த்தினார். "இந்தச் சட்டங்களை மனுஷங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு தேவதூதர்கள் சண்டை போட்டாங்களாம். அன்னிக்கு ஆபிரகாம் வீட்டுல பாலையும் கறியையும் சேர்த்துச் சாப்பிட்டது நீங்கதானேன்னு கடவுள் அவங்க வாயை அடைச்சாராம். அப்படிப் பார்த்தா, நம்ம சூசை தேவதூதர்கள் கட்சி."

எல்லோரும் ரூத்தைப் பார்த்தோம். அவர் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினார்.

"வீட்டுக்கு வந்தவரை நோகடிச்சு அனுப்பிட்டா, இந்த வாரம் நாம படிக்கிறதுக்கு என்ன அர்த்தம்?" என்றார். பிறகு என்னிடம் சட்டியை நீட்டினார். "எங்களால இனிமே இதைப் பயன்படுத்த முடியாது, நீங்க எடுத்துக்கோங்க. அடுத்த மாசம் உங்க மனைவி வந்ததும் இதுல சமைக்கட்டும்."

எனக்குப் புரியவில்லை. டேனியல் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரூத்! அதைச் சொல்லத்தானே அவனைக் கூப்பிட்டேன்!"

சட்டியைக் கட்டிப்பிடித்தபடி அங்கேயே அழுதுவிட்டேன். சட்டை முழுக்கக் குழம்பு.

மெர்சி மகளோடு வந்தாள். அந்தச் சட்டியில் வஞ்சிர மீன் குழம்பு வைக்கிறாள். சாப்பிட வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையைச் சொல்லித்தான் பரிமாறுகிறாள். சுலைமான் காக்கா வந்துவிட்டால் கதை இன்னும் நீளும். என் மகளோ, நான் எதையாவது அடித்துச் சொன்னால், "அப்பா, பெல்லை அடிச்சிட்டீங்களா?" என்கிறாள்.

வியாழக்கிழமைப் படிப்புக்கு இன்றும் தவறாமல் போகிறேன். கிளம்பும்போது மெர்சி என் பையைத் திறந்து சோதிக்காமல் கதவைத் திறப்பதில்லை. அதில் வாழைப்பழம் மட்டும்தான் இருக்கலாம். அதுவும் தோலோடு.