பல் டாக்டரைத் திட்டப் போனது

என் தாடையைக் கெடுத்தவன் நானேதான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது.

கவுஞ்சி என்ற மலைக் கிராமத்தில் பூண்டு போடுகிறவன் நான். கடைவாய்ப் பல் சொத்தையாகி, கொடைக்கானலில் ரூட் கேனால் ஆரம்பித்தேன். டாக்டர் வேரைச் சுத்தம் செய்து, தற்காலிகமாக அடைத்து, ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் எழுதினார். அடுத்த வாரம் வரச் சொன்னார். இரண்டாம் நாளே வலி போய்விட்டது. மிச்ச மாத்திரையை ஏன் வீணாக்க வேண்டும் என்று எடுத்து வைத்தேன். (பெரிய புத்திசாலி.) பூண்டு அறுவடை வந்தது, டாக்டரிடம் போகவில்லை. அடைப்பு என்றைக்கு விழுந்தது என்றும் தெரியாது. வீங்கும்போதெல்லாம் இரண்டு மாத்திரை. தீர்ந்ததும் மருந்துக் கடையில் இரண்டிரண்டாக வாங்கினேன். சீட்டு கேட்காத கடைக்காரரை நல்ல மனிதர் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

ஒன்றரை வருடம் ஓடியது. ஒரு தடவை வீக்கம் வற்றாமல் கழுத்துக்கு இறங்கியது. டாக்டர்தான் பல்லைக் கெடுத்துவிட்டார் என்று முடிவு கட்டி, மனைவியையும் இழுத்துக்கொண்டு சண்டைக்குப் போனேன்.

கிளினிக் நிறைய ஆட்கள். கத்தினேன். தாடை இறுகி வாய் திறக்க வரவில்லை. எச்சிலும் உறுமலும்தான் வந்தன.

"என்னங்க சொல்றாரு?" என்று டாக்டர் என் மனைவியைக் கேட்டார்.

"உங்களத் திட்டுறாருங்க. போலி டாக்டராம்."

"சரி. மாத்திர எத்தன நாள் போட்டாரு?"

"ரெண்டு நாளுங்க. மிச்சத்த அடுத்த வலிக்குன்னு வச்சுக்கிட்டாரு."

மேசையைத் தட்டி மறுபடி உறுமினேன்.

"இப்ப?"

"இப்ப என்னையத் திட்டுறாரு."

டாக்டர் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. "வெரசா மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க. மூச்சு அடச்சிரும்."

மதுரையில் கழுத்தைக் கிழித்துச் சீழ் எடுத்தார்கள். சீழைப் பரிசோதித்த சீட்டில் வரிசையாக மருந்துகளின் பெயர்கள். பாதிக்கு மேல் என் கிருமியிடம் எடுபடாதாம். அரைகுறையாக மருந்து கொடுத்துக் கொடுத்து நானே அதைப் பழக்கியிருந்தேன். எடுபடும் என்று இருந்த ஒன்றை ஊசியில் ஏற்றினார்கள். "இதும் கேக்கலன்னா?" என்று மனைவி கேட்டாள். பதினொரு நாள் கிடந்தேன்.

பிழைத்தேன். வீட்டுக்கு யார் வந்தாலும் மனைவி இன்னமும் சொல்கிறாள்: "பூண்டு போட்டா பாதி அழுகிப் போகுது. வாய்க்குள்ள கிருமி போட்டாரு பாருங்க, என்னா வெளச்சல்."

எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கும் ஆசைதான். வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறப்பதில்லை.