படத்து அப்புவும் இருபத்தைந்து பிரதிகளும்

இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் வியாபாரம் செய்த அத்தனை பேரிலும், வாங்க வந்தவரைப் பார்த்துக் கதவைச் சாத்திய ஒரே வியாபாரி படத்து அப்புதான். மற்றக் கடைக்காரர்கள் "வாங்க முதலாளி, உள்ள வாங்க" என்பார்கள். இவர் கதவிடுக்கில் ஒற்றைக் கண்ணை மட்டும் வைத்து, "யாரு அனுப்புனது?" என்பார். யாரும் அனுப்பவில்லை என்றால் சந்தேகம். யாராவது அனுப்பியிருந்தால் அதைவிடப் பெரிய சந்தேகம்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே ஆசிரியர். ஒரு சீமெந்துக் கடையின் மேல்மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் நான், மற்றதில் அவர். தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் சமைத்துப் பரிமாறுகிறவரை எங்கள் பக்கம் அப்பு என்போம். வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பங்களாவில் அப்புவாக இருந்து, பிறகு வந்த துரைமாருக்கும் ஆக்கிப் போட்டு, வயதானதும் ஒரு தகரப் பெட்டியோடு டவுனுக்கு வந்தவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. வாடகைத் துண்டில் எழுத வீட்டுக்காரர் பெயர் கேட்டதற்கு, "எதுக்குக் கேக்குறீங்க?" என்று திருப்பிக் கேட்டாராம். வீட்டுக்காரர் பயந்து "அப்பு" என்றே எழுதிவிட்டார்.

தகரப் பெட்டிக்குள் இருந்ததுதான் சரக்கு. வெள்ளைக்காரத் துரையின் சம்சாரம், அதாவது துரைசானி, நன்றாகப் படம் வரைவார். கையால் வர்ணம் தீட்டிய அசல்கள் பதினொன்று. மற்றவை அச்சுப் படங்கள். செம்புத் தகட்டில் ஊசியால் கீறி, கீறலில் மை ஏற்றி, ஈரக் கடதாசியை மேலே வைத்து, துணி பிழியும் உருளை இயந்திரத்துக்குள் விட்டு எடுப்பார். உருளையின் கைப்பிடியைச் சுற்றியது நம் அப்பு. ஒரு தகட்டில் இருபத்தைந்து பிரதி எடுத்தால் கோடு தேய்ந்துவிடும். உடனே துரைசானி தகட்டின் குறுக்கே பெரிய பெருக்கல் குறி கீறி, இனி எடுக்க முடியாதபடி செய்துவிடுவார். ஒவ்வொரு பிரதியின் அடியிலும் பென்சிலால் கையெழுத்தும் எண்ணும் இருக்கும்: 3/25, 7/25 என்று.

இந்த எண்தான் ஊரில் பெரிய பிரச்சினை. பேக்கரி முதலாளி ஒருவர் மகளைக் கட்டிக் கொடுத்த சம்பந்தி வீட்டுக்குப் பரிசு கொடுக்கப் படம் வாங்க வந்தார். மழையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொழுந்து பறிக்கும் பெண்கள் படம். பார்த்தார், முகம் சுருங்கியது.

"என்னங்க அப்பு, இருபத்தஞ்சுக்கு ஏழு மார்க் எடுத்த படத்தைப் போயி சம்பந்தி வீட்டுக்குக் குடுக்கச் சொல்றீங்க?"

"மார்க்கு இல்லங்க. இருபத்தஞ்சுல இது ஏழாவது."

"ஏழாவதா வந்துச்சா? அப்ப மொதலாவதா வந்தத எடுங்க."

அப்பு படத்தைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, முதலாளி போகும்வரை பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "இந்த ஆளுக்கு நம்பர் மேல என்னா இவ்வளவு ஆசை? ஏதோ இருக்கு மாஸ்டர்."

அவரிடம் படம் வாங்குவது பெண் கேட்பதைவிடக் கடினம். முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். கழுவிய கையை வெளிச்சத்தில் நீட்டிக் காட்ட வேண்டும். அடுத்தது விசாரணை. எந்தச் சுவரில் மாட்டப் போகிறீர்கள்? அந்தச் சுவரில் ஈரம் ஊறுமா? வெயில் விழுமா? அடுப்புப் புகை வருமா? எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னால், "எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு பதில் சொல்றாரே" என்று புதிதாகச் சந்தேகம் வரும். தப்பித் தவறி விற்றுவிட்டாலும் விடமாட்டார். சிவனொளிபாதமலை யாத்திரை சீசனில் மலையடிவார ஊரான நல்லதண்ணியில் தேநீர்க்கடை போட்டவர் ஒருவர் ஒரு படம் வாங்கினார். ஒரு வாரம் கழித்து அப்பு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார். வடைச்சட்டிக்கு நேர் மேலே படம் தொங்கியது. பணத்தை மேசையில் வைத்துவிட்டுப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். கடைக்காரர் நல்லதண்ணிப் பாலம் வரை துரத்தினாராம்.

பக்கத்து அறைக்காரன் என்பதால் நானும் தப்பவில்லை. வெளியே போகும்போது கதவில் குறுக்காக ஒரு நூலைக் கட்டிவிட்டுப் போவார், நான் திறந்தேனா என்று பார்க்க. ஒருநாள் காலையில் கேட்டார்: "மாஸ்டர், நேத்து நான் பெட்டியத் தொறந்தப்ப இருமுனீங்களே, எதுக்கு?"

"இருமல் வந்துச்சு, இருமுனேன்."

"சரி" என்றார், நம்பாமல்.

ஊரும் அவரைச் சும்மா விடவில்லை. "துரை பங்களாவுல ஆட்டையப் போட்டதுதான்" என்று கீழே சீமெந்து ஏற்றுகிறவர்கள்கூடப் பேசினார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

அதற்குத் தீனி போடக் கொழும்பிலிருந்து ஒரு கனவான் வந்தார். படங்களை வாங்கி விற்பவர். கையைக் கழுவினார். பெட்டியில் இருந்ததை எல்லாம் நிதானமாகப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்: "எல்லாம் ஒன்றாக எனக்குக் கொடுத்துவிடுங்கள். விலையை நான் சொல்கிறேன். இல்லையென்றால், இவை உங்களிடம் எப்படி வந்தன என்று பொலிஸ் கேட்கும். காட்ட ஏதாவது கடிதம் இருக்கிறதா?"

ஒரு விலையைச் சொல்லி, அடுத்த வாரம் வருவதாகவும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பு இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் என் கதவைத் தட்டினார். அவர் வந்து தட்டியது அதுதான் முதல் தடவை.

"மாஸ்டர், நான் களவாணிதான்" என்றார்.

ஊர் சொன்னது சரியாகிப் போனதில் ஒரு சின்னத் திருப்தி வந்ததை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

எழுபதுகளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை குடும்பம் இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. போகும் நாள் துரைசானி அழுது வீங்கிய முகத்தோடு பெட்டியைக் காட்டி, "அப்பு, எல்லாம் குப்பை. எல்லாம் நெருப்பு போடு" என்றாராம். அப்பு பழைய பேப்பர்க் கட்டுகளைப் பின்கட்டில் போட்டு எரித்தார். புகை வந்தது. துரைசானி நம்பிப் போய்விட்டார். படங்கள் விறகு அறையில் இருந்தன.

"எரிக்கச் சொன்னத எரிக்காம வச்சுக்கிட்டா அது களவுதானே மாஸ்டர்? எனக்கு மனசு வரல. அம்புட்டையும் நான்தானே சுத்தி எடுத்தேன். அப்புறம் வயித்துக்கு வேற வழி இல்லாம விக்க ஆரம்பிச்சேன். வர்ற ஒவ்வொருத்தனும் துரைசானி அனுப்புன ஆளோன்னு பயம்."

"அவங்க உங்களுக்குக் கடிதமே போடலயா?"

"போட்டாங்க."

பெட்டியின் அடியிலிருந்து ஏழு கடிதங்களை எடுத்தார். தோட்டத்து விலாசத்துக்கு வந்து, தொழிற்சாலை கிளாக்கர் கொடுத்தவை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"ஏன் பிரிக்கல?"

"இங்கிலீசு. யாருக்கிட்டயாவது படிக்கக் குடுக்கணும். படத்தக் கேட்டு எழுதியிருந்தா? படிக்கிறவனுக்கு விசயம் தெரிஞ்சிருமே."

அன்று எனக்குக் கொடுத்தார். கொடுக்கும்போதுகூட ஒரு ஓரத்தை விடாமல் பிடித்திருந்தார். முதல் கடிதம் வீடு, குளிர், பிள்ளைகள் பற்றி. இரண்டாவதில் ஒரு பந்தி இருந்தது. நான் தமிழில் வாசித்தேன்: "அப்பு, அன்றைக்குக் கோபத்தில் பேசிவிட்டேன். நீ அவற்றை எரித்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். வைத்திருந்தால் எல்லாம் உனக்கே. கைப்பிடியைச் சுற்றிய கைக்கும் அதில் பங்கு உண்டு."

"மறுக்கா படிங்க" என்றார் அப்பு. படித்தேன். "வேற மாஸ்டர் யாரும் படிச்சாலும் இதேதான் வருமா?" என்றார். வரும் என்றேன். பெட்டியைத் திறந்து ஒரு படத்தை எடுத்து, அதிலிருந்த கையெழுத்தையும் கடிதத்துக் கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். இருபது வருடம் அந்தக் கடிதத்தின் மேலேயே உட்கார்ந்து பயந்திருக்கிறார் மனிதர்.

மற்றக் கடிதங்களில் "ஏன் பதில் இல்லை?" என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. ஏழாவதோடு அதுவும் நின்றுவிட்டது.

கனவான் சொன்னபடி வந்தார். கடிதத்தை வாசித்துவிட்டு, விலையை இரட்டிப்பாக்கினார். "மொதல்ல ஏன் பாதி சொன்னீங்க?" என்று கேட்டு அப்பு கதவைச் சாத்தினார்.

அப்பு சொல்லச் சொல்ல நான் துரைசானிக்குக் கடிதம் எழுதினேன். பதில் வருமென்று இருவருமே நம்பவில்லை. இரண்டு மாதத்தில் வந்தது, கை நடுங்கும் எழுத்தில். தன்னிடம் தன் படம் ஒன்றுகூட இல்லை, ஒன்றை விலைக்குத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

அப்பு போய்ப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார்.

"இங்கிலாந்துல செவுரெல்லாம் ஒரே ஈரமாமே. எங்க மாட்டப் போறாங்கன்னு கேட்டு எழுதுங்க மாஸ்டர்."

"அப்பு, வரைஞ்சதே அவங்கதான்!"

"வரையத் தெரியும். வச்சுக்கத் தெரியுமா? எரிக்கச் சொன்னவங்கதானே?"

அந்தக் கேள்வியும் போய், "படுக்கையறை, காய்ந்த சுவர், வெயில் இல்லை" என்று பணிவாகப் பதிலும் வந்த பிறகே படத்தை எடுத்தார். ஹட்டன் தபால் கந்தோரை நம்ப மறுத்துவிட்டதால், மட்டைக் குழாயில் சுருட்டிக் கொழும்புக்கே கொண்டுபோய் அனுப்பப் புறப்பட்டோம். கினிகத்தேனைக்கு அருகே சோதனைச் சாவடி. பஸ்ஸை விட்டு எல்லோரும் இறங்கினோம். யுத்த காலம். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், பக்கத்தில் மூன்றடி நீளக் குழாய். சிப்பாய் துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டு, அதைத் திறக்கும்படி சிங்களத்தில் சொன்னான்.

"கையக் கழுவச் சொல்லுங்க மாஸ்டர்" என்றார் அப்பு.

"சும்மா இருங்க அப்பு!"

சும்மா இருக்கவில்லை. பங்களாவில் பழகிய சிங்களத்தில் அவரே சொல்லிவிட்டார். சிப்பாய் அவரை முறைத்தான், என்னை முறைத்தான், தன் கையைப் பார்த்தான். கிரீஸ் அப்பியிருந்தது. என்ன நினைத்தானோ, போய்த் தண்ணீர்ப் பீப்பாயில் கழுவிவிட்டு வந்தான். அப்பு அவன் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் படத்தை விரித்தார். மலை, மழை, கொழுந்துக் கூடைகள். சிப்பாய் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "இது உனக்கு எங்கே கிடைத்தது?" என்றான்.

அந்தக் கேள்விக்கு இருபது வருடமாக நடுங்கியவர் நெஞ்சை நிமிர்த்தினார். பஸ் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்: "துரைசானி எனக்குக் குடுத்தது. நான்தான் சுத்துனேன்!"

இரண்டாயிரத்துக்குப் பிறகு எனக்குப் பண்டாரவளைக்கு மாற்றம் வந்தது. அவர் டயகமவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எப்போதாவது கடிதம் போட்டுக்கொள்வோம். காலமான செய்தி பிந்தித்தான் கிடைத்தது. துக்கம் விசாரிக்கப் போனபோது மகள் தேநீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அப்பா கடைசி வரைக்கும் ஒங்களப் பத்தித்தாங்க பேசுவாரு. மாஸ்டரு ஒழுங்கா சாப்புடுறாரா, இல்ல சாப்புடுறேன்னு சும்மா எழுதுறாரான்னு அவருக்கு ஒரே சந்தேகம்."

சும்மாதான் எழுதினேன். அதைக் கண்டுபிடிக்க அவருக்குப் பிறகு யாரும் வாய்க்கவில்லை.