சுடுதண்ணியும் மோட்சத்து ஃபேமிலி விசாவும்

துபாயில் எட்டு வருஷம் ஒரு வாய் டீ குடிக்காமல் உயிரோடு நடமாடிய தமிழர் என்று யாரையாவது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்ட வேண்டுமானால், அது சுடுதண்ணியாகத்தான் இருக்கும்.

ஜெபல் அலியில் எங்கள் கம்பெனிக் கிடங்கில் அவர் சேஃப்டி ஆபீசர். நான் ஸ்டோர் இன்சார்ஜ். காலை பத்து மணிக்கு டீ வரும். இருபது கைகள் நீளும். அவர் மட்டும், "எனக்கு வெறும் சுடுதண்ணி போதுமுங்க" என்பார். அதைக் காகித டம்ளரில் வாங்கி, ஊதி ஊதி, ஏதோ ஏலக்காய் டீயை அனுபவிக்கிற மாதிரி கண்ணை மூடிக் குடிப்பார். பாஸ்போர்ட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களில் யாரும் அதைத் தேடிப் போகவில்லை; சுடுதண்ணி என்றே கூப்பிட்டோம்.

எனக்கு அவர்மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என்னை நியாயவான் என்று நினைத்துவிடுவீர்கள். ஆகஸ்ட் வெயிலில் ஃபோர்க்லிஃப்ட் டயரே இளகும். அந்த வெயிலில் மனிதர் வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. எனக்கோ ஒன்பது மணிக்கு அக்குளில் புறப்படும் வியர்வை பத்து மணிக்கு பெல்ட்டைத் தாண்டிவிடும்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. வார விடுமுறையான வெள்ளிக்கிழமை விடிந்தால் யாருக்காவது வீடு மாற்றிக் கொடுக்க வேண்டும். அந்த வருஷங்களில் துபாயில் வாடகை ஏறிய வேகத்தில் எல்லோரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அலைந்தோம். யார் மாறினாலும் சுடுதண்ணி கயிறு, தள்ளுவண்டி சகிதம் டையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

"ஏனுங்ண்ணா, பிரிட்ஜ மொதல்ல எறக்கிரலாங்களா?"

நாங்கள் தேராவிலிருந்து கராமாவுக்கு மாறியபோதும் வந்தார். லிஃப்ட் ரிப்பேர். மூன்று மாடி. பிரிட்ஜை ஏதோ தூங்குகிற குழந்தையைத் தூக்குகிற மாதிரி தோளில் சாய்த்து இறக்கினார். நான் பின்னால் சுவர்க்கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கியபடி இறங்கினேன். என் மனைவி ஜெஸி, ஆஸ்பத்திரியில் நர்ஸ், மனிதர்களை ஒரு பார்வையில் எடைபோடுகிறவள், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மத்தியானம் நெய்மீன் குழம்பில் நடுத்துண்டு அவர் தட்டுக்குப் போனது. பதினெட்டு வருஷமாக என் தட்டில் விழுந்த நடுத்துண்டு. எனக்கு வால்.

"டீ வேண்டாமா தம்பி? டாக்டர் எதும் சொன்னாரா?" என்றாள் ஜெஸி.

"இல்லீங்க்கா. எங்க சபையில டீ, காப்பி கூடாதுங்க."

"அது எந்தச் சபை, டீ கூடாதுங்கது?"

"மார்மன்னு சொல்லுவாங்க்கா. கோயமுத்தூர்ல சேந்தனுங்க."

வால் துண்டின் முள் என் தொண்டையில் நின்றது.

நாங்கள் தெற்கத்தி நாசரேத் பக்கத்துப் பரம்பரைக் கிறிஸ்தவர்கள். வெள்ளிக்கிழமை சாயந்தரம் எங்கள் ஹாலில் ஜெபக்கூட்டம் நடக்கும்; நான்தான் நடத்துவேன். ஆபீசில் மேனேஜர் பேசுவார், வீட்டில் ஜெஸி பேசுவாள். வாரத்தில் ஒரு மணி நேரம், இருபது பேர் வாய் மூடி நான் சொல்வதைக் கேட்கிற இடம் அது ஒன்றுதான். வீடு மாறிய அடுத்த வாரம் பதினான்கு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஒன்பது. விசாரித்தால், "அண்ணே, சுடுதண்ணி சார்கூட ஒரு ஷிஃப்டிங். கட்டில் கனம் ஜாஸ்தி. எல்லாம் முடிஞ்சு கலாஸ் ஆக லேட்டாயிட்டு" என்றார்கள். அவர் யாரிடமும் தன் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பேசாமலே பதினோரு பேரை இழுத்தவர் பேசினால் என்ன ஆகும்?

ஆபீஸ் பிரிண்டரில் நாற்பது பக்கம் அச்செடுத்தேன். "மார்மன் மதம்: ஓர் எச்சரிக்கை" என்று மூன்று வாரத் தொடர் அறிவித்தேன்.

முதல் வாரம் பொன் தகடுகள். அமெரிக்காவில் ஓர் இளைஞருக்கு தேவதூதன் புதைந்த தங்கத் தகடுகளைக் காட்டினானாம். அவர் அதை மொழிபெயர்த்துப் புது வேதம் ஆக்கினாராம். பிறகு தகடுகளைத் தூதனே திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டானாம். பார்த்தோம் என்று சிலர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். "ஒரு ஸ்டோர்காரனா சொல்லுதேன்," என்றேன். "டெலிவரி நோட்டுல கையெழுத்து இருக்கு, ரேக்குல சரக்கு இல்ல. இத எந்த ஆடிட்டர் ஒத்துக்கிடுவான்?" கூட்டம் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் ஏசி போட்டது போலிருந்தது.

இரண்டாம் வாரம் இன்னும் ஆழம். படைத்தவரே ஒரு காலத்தில் மனிதராக இருந்தவர், மனிதனும் படிப்படியாக உயர்ந்து தெய்வமாகலாம் என்பது அவர்கள் போதனை. கிருபை என்ற இடத்தில் பிரமோஷன் வந்து உட்கார்ந்துவிட்டது என்றேன். இன்றும் அதைத்தான் சொல்வேன். "ஒரு கட்டில பூட்டத் தெரியாது. இவிய ஒலகத்தப் படைக்கப் போறாவளாக்கும்" என்று பின்வரிசையில் ஜெஸி என்னைப் பார்த்து முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. ஸ்தாபகர் பல பெண்களை மணந்த கதையைச் சொன்னேன். எழுபதுகளின் கடைசி வரை கறுப்பினத்து ஆண்களுக்கு அங்கே ஆசாரியப் பட்டம் கிடையாது என்பதையும் சொன்னேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் குனிந்து எங்கள் கறுத்த கைகளைப் பார்த்துக்கொண்டோம்.

நடுவில் ஒரு நாள் சுடுதண்ணி கிடங்கில் யாரோ ஒருவரிடம் அந்த ஆளின் பூட்டனார் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். செத்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் ஞானஸ்நானம் எடுப்பார்கள் என்று என் நாற்பது பக்கத்தில் இருந்தது. ஓடினேன்.

"சார்! எங்க தாத்தா உபதேசியார். முறையா ஞானஸ்நானம் வாங்கி, முறையா செத்தாரு. அவரத் தண்ணிக்குள்ள முக்காதீங்க!"

அவர் பதறிப்போனார். "ஐயோ, இல்லீங்ண்ணா. இவரு எனக்கு ஒண்ணுவிட்ட பங்காளிங்க. எங்க ஊட்டு ஆளுங்களுக்கு மட்டுந்தானுங்க செய்வேன். அவிங்களே ஏகப்பட்ட பேரு காத்துக்கிட்டிருக்காங்க. உங்க தாத்தாவ நான் எங்கீங்க சேக்கறது?"

தாத்தா தப்பித்தார். ஆனால் அவரைச் சேர்க்க இடமில்லை என்று சொன்னதும் எனக்கு லேசாக அவமானமாகவும் இருந்தது.

மூன்றாவது வாரம்தான் வெடித்தது. அவர்களுடைய மோட்சத்தில் மூன்று அடுக்கு. "நம்ம கம்பெனி மாதிரி," என்றேன். "மேல மேனேஜர் வில்லா, நடுவுல ஸ்டாஃப் அக்காமடேஷன், கீழ லேபர் கேம்ப். மேலடுக்குல இருக்கவனுக்கு மட்டும் பொஞ்சாதி புள்ளயக் கூட்டிட்டு வர ஃபேமிலி விசா! அவங்க ஆலயத்துல முத்திர போட்ட கல்யாணம் செத்த பெறகும் செல்லுமாம். நம்ம மேரேஜ் சர்டிபிகேட்டுக்கு அட்டெஸ்டேஷன் வாங்குத மாதிரி!" கைதட்டல். நான் மிதந்தேன். மிதக்கிறவனுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. "ஆனா இயேசு என்ன சொன்னாரு? உயிர்த்தெழுந்த பெறகு கல்யாணமே கெடையாது! புருஷன் இல்ல, பொஞ்சாதி இல்ல! அங்க ஜெஸி யாரோ, நான் யாரோ! அல்லேலூயா! இந்தப் போதனையில இருக்கவனுக்குப் பரலோகத்து கேட்டு மூடியாச்சு!"

என் அல்லேலூயாவுக்கு பதில் அல்லேலூயா வரவில்லை. பெண்கள் பக்கம் ஒரு வளையல்கூட அசையவில்லை.

அன்று சாப்பாட்டு மேஜையில் ஜெஸி கேட்டாள்: "பிரதர், சோறு வைக்கவா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை: "பிரதர், குளிக்கப் போறியளா, நான் போகவா?" ஆஸ்பத்திரித் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்தபோது என்னைக் காட்டி, "இவிய எங்க ஜெபக்கூட்டத்து பிரதர். நல்லாப் பேசுவாவ" என்று அறிமுகம் செய்தாள்.

"ஜெஸி, அது வேதத்துல உள்ளது. நான் சொந்தமாச் சொல்லல."

"நான் எங்க மறுத்தேன், பிரதர்? அங்க போயி திடீர்னு பழகுனா கஷ்டமா இருக்கும். இங்கயே பழகிக்கிடுவோம்."

"ஏட்டி, வெளையாடாத."

அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "அந்தத் தம்பி செத்த பெறகும் பொஞ்சாதி வேணும்ங்காரு. நீங்க உசுரோட இருக்கும்போதே கை கழுவிட்டிய. வேதத்துல உள்ளதச் சொல்லுங்க, வேண்டாங்கல. அதச் சொல்லும்போது ஒரு வருத்தம் வேண்டாமா? அதுல அல்லேலூயா வேற!"

அன்று ராத்திரி நாற்பது பக்கத்தையும் முதலிலிருந்து புரட்டினேன்.

இரண்டு வாரம் நான் என் வீட்டில் பிரதராகக் குடித்தனம் நடத்தினேன். பொறாமை தலைக்கேறி ஒரு நாள் பத்து மணி இடைவேளையில் நாற்பது பக்கத்தையும் எடுத்துக்கொண்டு சுடுதண்ணியைத் தேடிப் போனேன். கடைசி ரேக்குக்குப் பின்னால், வழக்கம்போல் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல இருக்க உம்ம சம்சாரம் குடுத்துவச்சவங்க சார்," என்றேன். குத்தலாகத்தான். "செத்த பெறகும் மேலடுக்குல வில்லா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அவ எங்க சபை இல்லீங்ண்ணா. உங்க சபை. ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்குப் போவா. நான் சேந்தப்பவே சொல்லிட்டா, நீ போ, நான் வரமாட்டேன்னு."

"அப்ப அந்த முத்திரை?"

"ரெண்டு பேரும் சேந்து போயி ஆலயத்துல போடோணுமுங்க. ஒருத்தரு மட்டும் போட முடியாதுங்க." சிரித்தார். "இங்கயும் பேச்சலர், அங்கயும் பேச்சலருங்ண்ணா."

பேசுகிறவனுக்கு இதைவிட நல்ல பாயிண்ட் கிடைக்காது. ஒரு மதம் குடும்பம் நிரந்தரம் என்று சொல்லிவிட்டு, கூடவே குடும்பத்தைப் பிரிக்கிற கோட்டையும் போட்டால் அது என்ன நற்செய்தி? கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"நீங்க கூட்டத்துல பேசுனீங்களாமா. உங்க மோட்சத்துல யாருக்கும் கல்யாணம் இல்ல, எல்லாரும் ஒரே எடம்னு. பசங்க சொன்னாங்க."

"ஆமா..."

"கேட்டு எங்களுக்கு மூடியிருக்குன்னும் சொன்னீங்களாமா." கோபமே இல்லாத குரல். கூடுதல் டியூட்டி உண்டா என்று சூப்பர்வைசரிடம் கேட்கிற குரல். "அவ அங்கதானுங்க வருவா. கல்யாணம் இல்லீன்னாலும் பரவால்லீங்ண்ணா. சும்மா ஒரு ஓரமா, அவ கண்ணுல படற மாதிரி, எனக்கு ஒரு எடம் கெடைக்குமுங்களா?"

இத்தனை மாதம் நான் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அந்த மனிதர் என் மோட்சத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தார். நான்தான் வாசலில் நின்று அதைச் சாத்தினேன், கைதட்டலோடு.

கையிலிருந்த நாற்பது பக்கத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தேன். கடைசியில், "சார், நமக்கு ஸ்டோர் மட்டுந்தான்," என்றேன். "கேட் பாஸ் போடுற ஆளு வேற. அவரு என்னய மாதிரி இல்ல, ரொம்ப நல்லவரு."

"அது போதுமுங்ண்ணா," என்றார்.

வீட்டுக்குப் போய் ஜெஸியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீங்க என்ன சொன்னிய?" என்றாள். சொன்னேன்.

"இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் ஒழுங்கா ஒரு பிரசங்கம் பண்ணியிருக்கிய," என்று எழுந்து போனவள், அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள்: "என்னங்க, மீன் ஆறுது. வாங்க."

அடுத்த வருஷம் சுடுதண்ணி சவூதியில் யான்பு என்ற ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பிறகு தகவல் இல்லை. என் கொள்கையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. தகடுகளை இன்றும் நம்பவில்லை, மூன்றடுக்கையும் நம்பவில்லை. எனக்கு உள்ளே அனுமதி கிடைக்குமா என்பதே இப்போது சந்தேகம்தான். கிடைத்தால், யாரும் பார்க்காத நேரமாக, சுடுதண்ணியின் சம்சாரம் உட்கார்ந்திருக்கிற இடத்தைத் தேடிப்பிடித்து, பக்கத்தில் என் துண்டைப் போட்டு வைப்பேன்.