எதிர்ப்புக்குப் பதினொரு சொல், வாசலில் ஒரு குப்பைத்தொட்டி

இரும்புலியூர்,
14.6.2006

ஆங்கிலம்–தமிழ் அகராதியின் பதிப்பாசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, துளசிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் அச்சகமும் சுகமாக இருப்பீர்கள். நான் சுகமாக இல்லை, காரணம் தாங்கள்தான்.

எங்கள் தெருவில் குப்பைத்தொட்டி வைக்கப்போவதாகவும், ஆட்சேபணை இருந்தால் ஒரு மாதத்துக்குள் மனு கொடுக்கலாம் என்றும் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தில் மனு என்றால் இங்கிலீஷில்தான். அதிலும் ஒவ்வொரு வார்த்தைக்கும் கை தூக்கி ஓட்டுப் போட்ட பிறகுதான். செயலாளர் எலியேசர் சார் தங்கள் அகராதியைப் பிரித்து, ‘ரெசிஸ்ட்’ என்ற இடத்தில் விரலை வைத்தார். அதற்கு இணையாகப் பதினொரு இங்கிலீஷ் சொல்! ஏன் ஐயா, எதிர்க்க ஒன்று போதாதா? மீறுவது என்று அர்த்தம் போட்ட ‘டிஃபை’ என்றதும் ஹார்டுவேர் கடை ஜமால் பாய் எழுந்து, “இதப் போட்டா போலீசு வந்து நிக்கும் சார், எனக்கு வியாபாரம் கீது” என்றார். ‘அப்போஸ்’ என்றால் கட்சி வாடை அடிக்கிறதாம். ‘வித்ஸ்டாண்ட்’ என்றால் தாக்குப்பிடிப்பது என்று தாங்களே போட்டிருக்கிறீர்கள். “அப்ப நாத்தத்தத் தாங்கிக்கிறோம்னு நாமளே எழுதிக் குடுத்தா மாதிரி ஆவாதா?” என்று கேட்டேன். அதற்கும் ஓட்டெடுப்பு! டீ கொண்டுவந்த என் மனைவி பச்சையம்மா, “வாணாம்னு சொல்றதுக்கு இன்னாத்துக்குய்யா இவ்ளோ பேஜாரு?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

கூட்டம் போட்ட நான்காவது ஞாயிறு, ஆட்சேபிப்பது என்ற ‘அப்ஜெக்ட்’ ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. திங்கள் காலை தொட்டி வந்து இறங்கியது, என் வாசலில். மனு இன்னும் டைப் ஆகவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பொத்தேரியிலிருந்து என் மகள் அனுப்பிரியாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வருகிறவர்கள் பெண்ணை என்ன லட்சணத்தில் பார்ப்பார்கள்? வயிறு எரிகிறது ஐயா. அடுத்த பதிப்பில் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மற்ற பத்தையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் என் வாசல் குப்பை பார்சலில் தங்கள் ஆபீசுக்கு வரும்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசி.

கொதிப்புடன்,
இரா. துளசிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது பச்சையம்மா நகராட்சியிலிருந்து திரும்பி வந்தாள். யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறாள். தொட்டியை இன்று மாலையே எலியேசர் சார் வாசலுக்கு மாற்றுகிறார்களாம். சேதி தெரிந்ததும் சார் மனு எழுத உட்கார்ந்துவிட்டார். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தங்களிடம் இருப்பதிலேயே பெரிய அகராதியாக ஒன்றை அவர் பெயருக்கு உடனே கூரியரில் அனுப்பவும். சொற்கள் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது. அந்த வெள்ளிக்கிழமை தாண்டும்வரை ஓட்டெடுப்பு தாங்கினால் போதும்.